முற்றத்து வெயிலும் பதினோராவது கையெழுத்தும்

அனுப்புநர்:
வே. கற்பகவல்லி (வயது 62),
தபால் பிரிவுக் கண்காணிப்பாளர் (ஓய்வு),
வீட்டு எண் 7, நடுமுற்றம் கூட்டுக் குடியிருப்பு,
ராஜா அண்ணாமலைபுரம், சென்னை 600 028.

பெறுநர்:
மாவட்டப் பதிவாளர் (சங்கங்கள்) அவர்கள்,
தென்சென்னை.

பொருள்: நடுமுற்றம் கூட்டுக் குடியிருப்போர் சங்கம் – பொது முற்றத்தில் பிழைப்புக்கான வேலை எதையும் செய்யக் கூடாது என்றும், முற்றத்துக்குத் தகரக் கூரை போட்டுக் கார் நிறுத்தும் இடமாக மாற்றுவது என்றும் 16.05.2025 அன்று நிறைவேற்றப்பட்ட தீர்மானத்தை ரத்து செய்யவும், 09.06.2025 அன்று தொடங்கவிருக்கும் கூரை வேலையை நிறுத்தி வைக்கவும் கோருவது தொடர்பாக.

பார்வை:
1. சங்கத்தின் புகார்ப் புத்தகம், பக்கம் 23, நாள் 11.02.2025
2. சங்கச் செயலாளரின் கூட்ட அறிவிப்பு, நாள் 12.05.2025
3. சிறப்புப் பொதுக்குழுத் தீர்மானம், நாள் 16.05.2025

மதிப்பிற்குரிய ஐயா,

பார்வை ஒன்றில் கண்ட புகாரை எழுதியவள் நான். அந்தப் புகாரால் விளைந்ததைத் தடுத்து நிறுத்துங்கள் என்று இன்று தங்களிடம் வருபவளும் நானே. இது விசித்திரமாகத் தோன்றும் என்பது எனக்குத் தெரியும். முப்பத்தொரு வருடம் ஓர் அரசு அலுவலகத்தின் தபால் பிரிவில் மனுக்களைப் பிரித்து, எண் போட்டு, உரிய மேசைக்கு அனுப்பியிருக்கிறேன். மனு நீண்டால் இரண்டாம் பக்கத்தில் படிப்பவருக்குக் கொட்டாவி வரும் என்பதையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆகவே கேட்க வேண்டியதைப் பொருள் வரியிலேயே கேட்டுவிட்டேன். கீழே வருவது காரணம். அதையும் கொட்டாவி விடாமல் படிக்க வேண்டுகிறேன்.

1. நாங்கள் பதினொரு குடும்பங்கள். முன்பு தேனாம்பேட்டையில் ஒரே காம்பவுண்டில் வாடகைக்கு இருந்தோம். உரிமையாளர் இடத்தை விற்கிறார் என்று தெரிந்ததும், ஆளுக்கொரு மூலைக்குச் சிதறுவதற்குப் பதிலாக, வழக்கில் கிடந்து யாரும் சீந்தாத ஒரு மனையை ராஜா அண்ணாமலைபுரத்தில் சேர்ந்து வாங்கினோம். 2014இல் வீடுகளைக் கட்டும்போது ஒவ்வொரு வீட்டிலும் நூற்றைம்பது சதுர அடியைக் குறைத்து, அதை நடுவில் பொது முற்றமாகப் போட்டோம். பொறியாளர் வேண்டாம் என்றார். நாங்கள்தான் பிடிவாதம் பிடித்தோம். இதன் விளைவாக, என் சமையலறையில் இருவர் நின்றால் ஒருவர் வெளியே போன பிறகுதான் மற்றவர் திரும்ப முடியும். அந்தச் சமையலறையின் மீதி முற்றத்தில் இருக்கிறது. எனவே முற்றம் என்பது வீடு கட்டியது போக மிஞ்சிய காலி இடம் என்று யாராவது தங்களிடம் சொன்னால், அது தவறு. அது எங்கள் பதினொரு வீடுகளிலிருந்தும் வெட்டி எடுத்த துண்டு.

2. இப்படிச் செய்ததற்குக் காரணம் பிழைப்பு. எங்களில் மூன்று வீட்டாருக்கு வெயில் இல்லாமல் தொழில் இல்லை. நான் ஓய்வு பெற்ற பிறகு வடாம் போட்டு விற்கிறேன். நான்காம் வீட்டு நூர் முஹம்மது இலவம்பஞ்சு மெத்தையும் தலையணையும் செய்கிறார். ஒன்பதாம் வீட்டு ஷ்ரேயா துப்பட்டாக்களுக்குச் சாயம் போட்டு உலர்த்துகிறாள். நூர் முஹம்மதின் தொழில் நொடித்துப்போன தொழில் என்று நினைத்துவிட வேண்டாம். முதுகுவலிக்காரர்கள், பிள்ளை பெற்ற வீட்டார், பாலவாக்கத்துக் கடலோர விடுதிக்காரர்கள் என்று ஆர்டருக்குக் குறைவில்லை. அவருடைய மனைவி அமீனா பீ வாட்ஸப்பில் ஆர்டர் எடுத்து, எடுத்ததை முடிக்க முடியாமல் பாதிப் பேரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பார். ஆனால் கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் பஞ்சு இரண்டு நாள் வெயில் காணாவிட்டால் ஈரம் ஏறிக் கட்டி தட்டிவிடும். அப்புறம் அந்த மெத்தையில் படுப்பவர் அவருக்குப் போன் செய்வார்.

3. வெயிலைப் பங்கிடுவதற்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வெயில் முறை என்று பெயர். முற்றத்துத் தரையில் மஞ்சள் பெயிண்டால் பதினொரு கட்டங்கள் போட்டிருக்கிறோம். வீட்டுக்கு ஒன்று. கட்டம் தேவைப்படாதவர் தேவைப்படுபவருக்கு விட்டுக்கொடுக்கலாம், ஆனால் அதற்குப் பதில் எதுவும் வாங்கக் கூடாது. வீட்டில் விசேஷம் என்றால் ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டு முழு முற்றத்தையும் எடுத்துக்கொள்ளலாம். அன்றைக்கு யார் வெயிலை எடுத்தாலும், மாலையில் முற்றம் முழுவதையும் பெருக்குவது அவர் பொறுப்பு. தன் கட்டத்தை மட்டும் பெருக்கினால் போதாது. பதினொரு வருடங்களாக எங்கள் முற்றத்துக்குத் துப்புரவு ஆள் வைத்ததில்லை. இடத்தைத் தாங்களே வந்து பார்த்தால் நம்புவீர்கள்.

4. இரண்டு வருடங்களுக்கு முன் கிழக்குப் பக்கத்து மனையில் ஆறு மாடிக் கட்டடம் வந்தது. முறைப்படி அனுமதி வாங்கிக் கட்டியதுதான், அதன்மீது எனக்குப் புகார் இல்லை. ஆனால் காலை எட்டு மணிக்கு முற்றத்தில் இறங்கிக்கொண்டிருந்த வெயில், இப்போது பத்தே முக்காலுக்குத்தான் இறங்குகிறது. மூன்று மணிக்குப் போய்விடுகிறது. அதாவது முன்பு காலையில் சிலர், மதியம் சிலர் என்று விட்டு விட்டுப் பரப்பிய மூன்று தொழில்காரரும் இப்போது ஒரே நேரத்தில் பக்கத்தில் பக்கத்தில் பரப்ப வேண்டியதாயிற்று. இதில் ஒரு முட்டாள்தனமும் செய்தோம். சென்னையில் கடற்காற்று நண்பகலில் கிழக்கிலிருந்து கிளம்பும் என்பது பள்ளிக்கூடம் போகாதவருக்கும் தெரியும். பட்டம் வாங்கியவர்கள் நிறைந்த பதினொரு குடும்பம் கூடிப் பேசி, பஞ்சைக் கிழக்குக் கட்டங்களிலும் வடாமை மேற்குக் கட்டங்களிலும் வைத்தோம்.

5. நடக்க வேண்டியது 11.02.2025, செவ்வாய்க்கிழமை நடந்தது. மயிலாப்பூரில் ஒரு கல்யாண வீட்டுக்காக ஆறு பாய் நிறைய ஜவ்வரிசி வடாம் போட்டிருந்தேன். விடியற்காலையிலிருந்து கிளறிய கை. பன்னிரண்டரை மணிக்குக் காற்று வந்தது. நான் உள்ளே போய் மோர் குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் நான்கு பாய் வடாமின் மேலும் பஞ்சு உட்கார்ந்துவிட்டது. வடாம் அப்போது பாதி ஈரம். ஒட்டிய பஞ்சைப் பிரிக்க முடியாது. நான்கு பாயும் குப்பைக்குத்தான் போயிற்று. எனக்கு வந்த கோபம் சிறியது அல்ல. நேராகச் சங்க அறைக்குப் போனேன். என் கணவர் தங்கவேல் பின்னாலேயே வந்து, “எழுதறதுதான் எழுதற, சாயங்காலமா எழுதேன்,” என்றார். நான் கேட்கவில்லை. புகார்ப் புத்தகத்தில் பக்கம் முழுக்க எழுதிக் கையெழுத்திட்டேன். நகல் இணைத்துள்ளேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

6. அன்று மாலையே நூர் முஹம்மது வந்தார். அன்று பெருக்கும் முறை என்னுடையதுதான், ஆனாலும் துடைப்பத்தை என்னிடமிருந்து வாங்கி முற்றத்தைப் பெருக்கினார். மறுநாள் ஷ்ரேயாவும் அவரும் நானும் பேசி, பஞ்சை மேற்குக்கும் வடாமைக் கிழக்குக்கும் மாற்றிக்கொண்டோம். ஐந்து நிமிட வேலை. அன்றிலிருந்து மே மாதம் வரை என் வடாமில் ஒரு இழை பஞ்சு விழவில்லை. வடாம் சீசன் உச்சத்தில் இருந்தது, நான் தலை நிமிரவில்லை. எங்களைப் பொறுத்தவரை விவகாரம் முடிந்துவிட்டது. புத்தகத்தைப் பொறுத்தவரை முடியவில்லை. “தீர்ந்தது” என்று அதில் எழுத எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

7. இங்கே எங்கள் துணைவிதி 14ஐப் பற்றிச் சொல்ல வேண்டும். புகார் கொடுத்த தொண்ணூறு நாட்களுக்குள் இரு தரப்பும் சேர்ந்து ‘தீர்ந்தது’ என்று எழுதாவிட்டால், புகாருக்கு உள்ளான செயல் நிறுத்தப்பட வேண்டும். அதற்குப் பிறகு புகாரைத் திரும்பப் பெற வேண்டுமானால், பதினொரு வீட்டாரும் கையெழுத்திட வேண்டும். ஒரு கையெழுத்து குறைந்தாலும் செல்லாது. எந்தச் சங்கத்திலும் காணாத இந்த விதியை முன்மொழிந்தது யார் என்று கேட்பீர்கள். நான்தான். அலுவலகத்தில் இருந்தபோது, “என் மனுவைத் திரும்பப் பெறுகிறேன்” என்ற கடிதங்கள் வந்துகொண்டே இருக்கும். கையெழுத்து வேறு வேறாக இருக்கும், மேலே எழுதிய கை ஒன்றாக இருக்கும். எதிராளியின் ஆட்கள் வாசலில் நிற்க, மனுதாரர் தலையைக் குனிந்துகொண்டு அதை என் மேசையில் வைத்துவிட்டுப் போவார். நான் முத்திரை குத்தி உள்ளே அனுப்புவேன். எங்கள் குடியிருப்பில் அப்படி ஒருவரும் தலை குனியக் கூடாது என்று நினைத்து இந்த விதியை எழுதினேன். மிரட்டலுக்குப் பூட்டுப் போட நினைத்தவள், மனம் மாறுவதற்கும் சேர்த்துப் பூட்டிவிட்டேன்.

8. தொண்ணூறாவது நாள் 12.05.2025. அன்று காலையே சங்கச் செயலாளர் திரு. ஸ்ரீரங்கன் அறிவிப்புப் பலகையில், 16ஆம் தேதி கூட்டம் என்று தாள் ஒட்டிவிட்டார். அவர் தணிக்கைத் துறையில் இருந்தவர், தேதி தவறாது. அவரைப் பற்றித் தவறாக எழுதுவது என் நோக்கம் அல்ல. தன் வீட்டுத் தண்ணீர்க் குழாய் கசிந்தபோது தன் மேலேயே நடவடிக்கை எடுத்துக்கொண்டவர். ஆனால் நேர்மை ஒரு எல்லையைத் தாண்டிவிட்டது. நூர் முஹம்மதின் பஞ்சை மட்டும் நிறுத்தினால் பாரபட்சமாகிவிடும் என்று, அந்தக் கூட்டத்தில், என் வடாம், ஷ்ரேயாவின் துப்பட்டா உட்பட முற்றத்தில் பிழைப்புக்காகச் செய்யும் எல்லாவற்றையும் நிறுத்துவது என்று யோசனை வைத்தார். “ஒருத்தருக்கு ஒரு ரூல், இன்னொருத்தருக்கு இன்னொரு ரூல்னு வச்சுண்டா அப்புறம் சங்கம்னு ஒண்ணு எதுக்கு?” என்று அவர் கேட்டதை எல்லோரும் கேட்டார்கள். வேலை எதுவும் நடக்காவிட்டால் முற்றம் சும்மா கிடக்கும். சும்மா கிடக்கும் இடத்துக்குக் கூரை போட்டால் இரண்டாவது கார் வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்று இன்னொருவர் சொன்னார். இப்படித்தான் நான்கு பாய் வடாம் ஒரு தகரக் கூரையாக வளர்ந்தது.

9. தீர்மானம் செல்லாது என்பதற்கு மூன்று காரணங்கள் தருகிறேன். மூன்றுக்கும் ஆவணம் இணைத்துள்ளேன்.

அ) துணைவிதி 9இன்படி சிறப்புப் பொதுக்குழுவுக்கு இருபத்தொரு நாள் முன்னறிவிப்பு வேண்டும். கொடுத்தது நான்கு நாள்.

ஆ) அறிவிப்பில் “பொது முற்றப் பயன்பாடு குறித்து” என்று மட்டும் இருந்தது. கூரை என்ற சொல்லோ, கார் என்ற சொல்லோ அதில் இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் கிடைக்காது.

இ) கூட்டம் நடந்தது வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு. அந்த நேரத்தில் நூர் முஹம்மதும் இரண்டாம் வீட்டு அப்துல் சமதும் ஜும்மா தொழுகைக்குப் போயிருப்பார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பதினொரு வருடமாக அதே நேரத்தில் அதே வாசலைக் கடந்து போகிறார்கள். காற்று வரும் நேரத்தில் எல்லோரும் முற்றத்தை நேரில் பார்க்கட்டும் என்றுதான் ஒரு மணி வைத்ததாகச் செயலாளர் சொன்னார். அதை நான் நம்புகிறேன். அதில் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் சொல்லவில்லை. கவனம் இல்லை என்றுதான் சொல்கிறேன். யாருடைய பிழைப்பைப் பற்றிக் கூட்டம் போட்டார்களோ அவரே அங்கே இல்லை. வந்தது ஏழு வீட்டார். தீர்மானத்துக்கு ஐந்து கை உயர்ந்தது. ஷ்ரேயாவும் நானும் எதிர்த்தோம். நான் எழுந்து பேச ஆரம்பித்தபோது, “உங்க புகார்தானே மாமி இது?” என்று யாரோ கேட்டார்கள். அதற்கு மேல் எனக்கு வாய் எழவில்லை.

10. மறுநாள் காலையே வாய் வந்துவிட்டது. துணைவிதி 14இன்படி, என் புகாரைத் திரும்பப் பெறும் தாளை எழுதிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். இரண்டே நாளில் பத்து வீட்டார் கையெழுத்திட்டார்கள். கூரை வேண்டும் என்று கை தூக்கியவர்களும் போட்டார்கள். நூர் முஹம்மதின் பஞ்சை நிறுத்த வேண்டும் என்று அவர்கள் நினைத்ததே இல்லையாம். செயலாளர் திரு. ஸ்ரீரங்கன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தரம் படித்தார். “மனுஷனா கேட்டா, இதோ போட்டுட்டேன். செக்ரட்டரியா கேட்டா, பதினொண்ணு வேணும்,” என்று சொல்லித் தாளைத் திருப்பித் தந்தார். பதினோராவது கையெழுத்து நூர் முஹம்மதுடையது. அதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. யாருக்காக இந்தத் தாளை எழுதினேனோ அவரிடம் வாங்குவதற்கு என்ன கஷ்டம் என்று கடைசியாக வைத்திருந்தேன்.

11. அவர் கையெழுத்துப் போடவில்லை. அவர் சொன்னதை மாற்றி எழுத எனக்கு உரிமை இல்லை, ஆகவே அவர் வார்த்தையிலேயே தருகிறேன்: “அக்கா, பஞ்சு வுழுந்துச்சா இல்லியா? வுழுந்துச்சு. நாலு பாய் வடாம் போச்சா? போச்சு. நெஜமா நடந்தத வாபஸ் வாங்கறேன்னு ஒரு பேப்பர்ல நா எப்டி கையெழுத்து போட்றது? நா போட்டா, அக்கா பொய் எழுதுனாங்கன்னு ஆய்டும். அந்தப் பேரு உங்களுக்கு இன்னாத்துக்கு?” எனக்குப் பேர் கெட்டால் பரவாயில்லை பாய் என்று கெஞ்சினேன். கூரை வந்தால் உங்கள் தொழில் போய்விடும் என்றேன். “அது ஆண்டவன் பாத்துக்குவான்,” என்றார். டீ கொடுத்தார். டீயைக் குடித்துவிட்டு வந்தேன், தாள் மடித்த மடிப்புக் கலையாமல் கையில் இருந்தது. அதற்குப் பிறகு மூன்று முறை போனேன். மூன்று முறையும் டீ கிடைத்தது. பிடிவாதத்தில் இந்தக் குடியிருப்பில் என்னை யாரும் மிஞ்சியதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன் ஐயா.

12. அதன் பிறகு நடந்தவை சுருக்கமாக. 16ஆம் தேதியிலிருந்து முற்றத்தில் யாரும் எதையும் பரப்புவதில்லை. கத்திரி வெயில் கடைசிப் பன்னிரண்டு நாளும் வெறும் தரையில் விழுந்து வீணாகப் போனது. நூர் முஹம்மதின் முன்னறையில் பஞ்சு மூட்டைகள் கூரை வரை ஏறி நிற்கின்றன. மெத்தை கேட்டவர்கள் வேறு இடம் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். பாலவாக்கத்தில் ஒரு ஷெட்டும் அதன் பின்னால் இரண்டு அறையும் பார்த்திருக்கிறார். தன் வீட்டுப் பங்கை யாருக்காவது கொடுத்துவிட்டு ஜூன் கடைசியில் போவதாக முடிவு. அவர் மகள் மெஹக் பிளஸ் டூ. பள்ளிக்கூடம் இங்கிருந்து நடக்கிற தூரம். இனி பஸ் பிடித்து வர வேண்டும். அது மட்டும் அல்ல. எங்கள் குடியிருப்பில் ஏழு வீட்டின் மாற்றுச் சாவி அமீனா பீயிடம்தான் இருக்கும். வெளியூர் போனால் அவரிடம்தான் சொல்லிவிட்டுப் போவோம். வந்து சேர்ந்தால் பாலும் காய்ச்சி வைத்திருப்பார். சென்ற வியாழக்கிழமை என் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் என் சாவி. “பாலவாக்கத்துலேர்ந்து ஒரு அவசரம்னா எப்டி ஓடியாறது? இப்பவே வெச்சுக்கங்க அக்கா,” என்றார். என் பெயர் எழுதிய சீட்டு அதில் அப்படியே கட்டியிருந்தது. வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன். வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது. அறுபத்திரண்டு வயதில் இப்படி அழுததில்லை.

13. பொது இடத்தில் தனி மனிதர் தொழில் செய்யலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. எங்கள் பதில் இது. முற்றம் யாருக்கும் சொந்தம் இல்லை, அதனால் யாரும் அதை அடைத்துக்கொள்ள முடியாது. மூன்று மணிக்கு வெயில் போனதும் வடாமும் பஞ்சும் துப்பட்டாவும் எழுந்து அவரவர் வீட்டுக்குள் போய்விடும். பெருக்கிய முற்றத்தில் மாலை முழுக்கப் பிள்ளைகள் பந்து விளையாடும். ஆனால் தகரக் கூரை மூன்று மணிக்கு எழுந்து போகாது. கார் இருபத்து நான்கு மணி நேரமும் அதே கட்டத்தில் நிற்கும். பொது இடத்தைத் தனியார் எடுத்துக்கொள்வது என்றால் அதுதான். பஞ்சு பறந்ததற்கு இடத்தை மாற்றினோம், நின்றுவிட்டது. காரைப் பறக்கச் சொல்ல முடியாது.

14. தாங்கள் கேட்கலாம்: புகார்தாரரே சமரசம் ஆகிவிட்டார், எதிராளியோ சமரசத் தாளில் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார், இதில் நான் என்ன செய்வது? இந்த மனுவை எழுத உட்கார்ந்தபோது நானும் அதைத்தான் யோசித்தேன். என் புகாரின் நகலை எடுத்து மறுபடி படித்தேன். ஒரு வார்த்தையும் பொய் இல்லை என்று மேலே பத்தி 5இல் எழுதியிருக்கிறேன், அதில் மாற்றம் இல்லை. ஆனால் முழு உண்மையும் அதில் இல்லை. அன்று காலை காக்கைத் தொல்லை தாங்கவில்லை. வடாமை மூட வலை வேண்டும் என்று என் கணவரை நூர் முஹம்மதிடம் அனுப்பினேன். அவரிடம் பஞ்சை மூடும் வலை இரண்டு உண்டு. ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். அது என் இரண்டு பாயை மூடியது. அதைக் கழற்றியதால் அவருடைய பாதிப் பஞ்சு திறந்து கிடந்தது. காற்று வந்தபோது பறந்தது அந்தப் பாதி. விழுந்தது என் மூடாத நான்கு பாயில். கோபத்தில் பக்கம் முழுக்க எழுதியவள், இதை எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்ல ஆசை. மறக்கவில்லை. எழுதினால் புகார் பலவீனமாகிவிடும் என்று தெரிந்தேதான் விட்டேன். எந்த வரியை விட்டால் மனு நிற்கும் என்று முப்பத்தொரு வருடம் பார்த்த கண் இது.

15. தொண்ணூறு நாளும், பிறகு கூட்டம் நடந்த பின்பும், நூர் முஹம்மது இந்த வலையைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றே அவர் பக்கம் நியாயம் சாய்ந்திருக்கும். நேற்று அவரிடம் போய், வலை கொடுத்ததை நீங்களே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “அக்கம்பக்கத்துல கேட்டா குடுக்கறதுதான். குடுத்தத போய் யாராவது புக்குல எழுதுவாங்களா?” என்றார். இந்த மனிதரைத்தான் நாங்கள் வெளியே அனுப்புகிறோம். எங்கள் குடியிருப்பை எதற்காகக் கட்டினோம் என்று கேட்டால் என்னிடம் அவரைத் தவிர வேறு விளக்கம் இல்லை.

16. ஆகவே, தாங்கள் கருணை காட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. விதிப்படி செய்ய வேண்டும் என்றே கேட்கிறேன்:

அ) முன்னறிவிப்பு, பொருள், நேரம் ஆகிய மூன்றிலும் பிழையான 16.05.2025 தீர்மானத்தைச் செல்லாது என்று அறிவிக்க வேண்டும்.

ஆ) 09.06.2025, திங்கட்கிழமை காலை கூரைத் தூண்களுக்குக் குழி தோண்ட ஆட்கள் வருகிறார்கள். அதற்கு முன் வேலையை நிறுத்தி வைக்க உத்தரவிட வேண்டும். முற்றத்துத் தரையின் கடப்பைக் கல்லைப் பெயர்த்துவிட்டால் கட்டங்கள் போய்விடும், பிறகு வரும் எந்த உத்தரவாலும் பயன் இருக்காது.

இ) வெயில் முறையை, காற்றின் திசைப்படி மாற்றியமைத்த கட்டங்களோடு, சங்கத்தின் துணைவிதியாகப் பதிவு செய்ய எங்களுக்கு அறிவுறுத்த வேண்டும். வாய்மொழியாக இருந்ததால்தான் இதை ஒரே மதியத்தில் தூக்கி எறிய முடிந்தது.

ஈ) தாங்களோ தங்கள் அலுவலகத்தாரோ ஒரு நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு நேரில் வந்து பார்வையிட வேண்டும். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம்.

17. கடைசியாக ஒன்று. என் புகாரைத் திரும்பப் பெற அனுமதிக்கும்படி இந்த மனுவில் நான் கேட்கவில்லை என்பதைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள். பதினோராவது கையெழுத்து இல்லாமல் அது முடியாது, அந்தக் கையெழுத்தை இனி நான் கேட்கவும் மாட்டேன். அவர் சொல்வது சரி. பஞ்சு விழுந்தது உண்மை. ஆனால் துணைவிதி 14ஐ எழுதியவள் என்ற முறையில் அதன் ஒவ்வொரு சொல்லும் எனக்கு மனப்பாடம். புகாரைத் திரும்பப் பெறுவதற்குத்தான் அது தடை விதிக்கிறது. விட்டுப்போனதைச் சேர்க்கக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. எனவே பக்கம் 23இல் என் கையெழுத்துக்கு மேலே இருந்த இடைவெளியில் கீழ்க்கண்ட இரண்டு வரிகளை இன்று காலை செயலாளர் முன்னிலையில் என் கையாலேயே சேர்த்துவிட்டேன். இனி என் புகாரை யார் படித்தாலும், எந்த நடவடிக்கைக்கு அதை ஆதாரமாகக் காட்டினாலும், இவற்றோடு சேர்த்தே படிக்க வேண்டும்:

“அன்று நூர் முஹம்மதின் பஞ்சு திறந்து கிடந்ததற்குக் காரணம், அதை மூடியிருந்த வலை என் வடாமின் மேல் இருந்ததுதான். நான் கேட்டேன், அவர் கொடுத்தார்.”

இணைப்புகள்: புகார்ப் புத்தகம் பக்கம் 23 (பழைய நகலும் இன்றைய நகலும்), கூட்ட அறிவிப்பு, தீர்மானம், துணைவிதிகள் 9 மற்றும் 14, பத்துக் கையெழுத்துள்ள தாள், முற்றத்தின் புகைப்படங்கள் நான்கு.

இடம்: ராஜா அண்ணாமலைபுரம், சென்னை
நாள்: 02.06.2025

புகாரை எழுதியவரும், அதில் ஒரு வரியை விட்டவரும், இப்போது சேர்த்தவருமான,

(ஒப்பம்)
வே. கற்பகவல்லி